ட்சுஷிமாக்காரரின் சந்தேகம்

ஜப்பானிய மொழித் தேர்வை முடித்துவிட்டு, வளைகுடாவில் மொழிபெயர்க்கும் வேலைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

இந்த மாதத்தோடு நான் இந்த வேலையை விடுகிறேன். ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் வயதில்லை. தலையில் ஒரு நரைகூட இல்லை. ஆனால் இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேசும் வேலையில் வயது வேறு மாதிரி ஏறுகிறது. என் நாற்காலியில் அடுத்து உட்காரப்போவது உங்களில் ஒருவராக இருக்கலாம். இலக்கணமும் மரியாதைச் சொற்களும் வகுப்பிலேயே கற்றிருப்பீர்கள். பம்பின் பாகங்களுக்கு என்ன பெயர் என்பது வந்த கொஞ்ச நாளில் பழகிவிடும். அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இங்கே உங்களை யாரும் நம்பப்போவதில்லை. அதை எப்படித் தாங்குவது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இதை நான் தலைகுனிந்து சொல்வதில்லை, நிமிர்ந்துதான் சொல்வேன். தமிழ், ஆங்கிலம், ஜப்பானியம், சைட்டுக்கு வேண்டிய இந்தி, நான்கிலும் எனக்குச் சண்டை போடத் தெரியும்.

என் அப்பா ரியாத்தில் பத்தா கடைத்தெருப் பக்கம் மூட்டை தூக்கியவர். ஒருமுறை கண்ணில் வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அரபி தெரிந்த அறைக்கூட்டாளி ஒருவர் துணைக்கு வந்தார். நல்ல மனிதர். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கண் போய்விடும் என்று டாக்டர் சொன்னதை, "சொட்டு மருந்து போட்டாச் சரியாயிடும்னு சொல்றாரு" என்று தமிழில் சொன்னார். ஊரைவிட்டு வந்து தனியாகக் கிடக்கிறவன் பயந்துபோவானே என்ற இரக்கம். அப்பாவுக்கு இடது கண் போய்விட்டது. "பேசத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு நம்ம வீட்டுலயே இருக்கணும்" என்று சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். சேர்த்த பிறகு என்னையும் சந்தேகப்பட ஆரம்பித்தார். எதைக் கேட்டுவந்து சொன்னாலும், இருக்கிற ஒரு கண்ணால் என்னை உற்றுப் பார்த்து, "முழுசா சொன்னியா?" என்பார்.

அதனால் சந்தேகம் எனக்குப் புதிதில்லை. தோஹாவுக்கு வந்து என் ஜப்பானிய மேலதிகாரி அபிரு-சானைப் பார்த்தபோது, அப்பாவையே ஜப்பானிய மொழியில் பார்ப்பதுபோல இருந்தது.

நான் சேர்ந்த இடம் தோஹா தொழில்பேட்டையில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கூடம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் ஓடுகிற பெரிய பம்புகளை இங்கே கொண்டுவந்து பிரிப்பார்கள், சரிசெய்வார்கள், ஓட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். மேற்பார்வை ஜப்பான்காரர்களுடையது. வேலை செய்கிறவர்கள் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். அவர்களை அனுப்புவது இன்னொரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்காக அங்கே இருந்தவர் பாலாஜி சார். சென்னைக்காரர், குடும்பத்தோடு இருக்கிறவர், அந்த வெயிலிலும் சட்டை மடிப்புக் கலையாதவர். என் விசாவும் அவர் கையில்தான் இருந்தது.

அபிரு-சான் ஜப்பான் தரப்புக்குத் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர், வழவழவென்று முழு வழுக்கை. முதல் நாள் நான் குனிந்து வணங்கி நிமிர்வதற்குள் சொன்னார்: "எனக்கு மொழிபெயர்ப்பாளர்களைப் பிடிக்காது. நான் மொழிபெயர்ப்பாளர்களின் தீவிலிருந்து வருகிறேன்."

எந்தத் தீவு என்று கேட்டேன்.

"ட்சுஷிமா. வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள்."

பிறகு தன் கைப்பேசியை எடுத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, மேசை நடுவில் வைத்தார். "துறவி வந்துவிட்டார். இனி நீ பேசலாம்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்னை எடைபோடுவது எனக்குப் பிடிக்காது. அறைக்குப் போனதும் அந்தத் தீவைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ட்சுஷிமா, ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே கடலில் கிடக்கிற தீவு. அந்தக் காலத்தில் அது தனி மாகாணம். முழுக்க மலையும் காடும்; நெல் போட இடமில்லை. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து கொரியக் கரை தெரியும். கொரியாவோடு வணிகம் நடந்தால்தான் தீவில் அடுப்பெரியும். நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஜப்பானியப் படை கொரியாவுக்குள் புகுந்து நாசம் செய்தது. இந்தத் தீவுக்காரர்களும் அந்தப் படையில் முன்னால் போனவர்கள்தான். போர் முடிந்ததும் கொரியா கதவை அடைத்துக்கொண்டது.

கதவைத் திறக்க வேண்டுமானால் ஜப்பானை ஆள்கிறவர் முதலில் கடிதம் எழுதட்டும் என்றது கொரியா. முதலில் எழுதுவது பணிவதற்குச் சமம். ஆள்கிறவர் எழுதுகிற வழியாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் பட்டினி கிடந்தது தீவு. அதை ஆண்ட சோ என்ற குடும்பத்தார் தாங்களே ஒரு கடிதம் எழுதினார்கள், மரத்தில் போலி முத்திரை செதுக்கிக் குத்தி அனுப்பினார்கள். கொரியா மகிழ்ந்து பதில் போட்டது. அது பதில் என்று தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அதையும் திருத்தி, கொரியா தானாக முன்வந்து எழுதியதைப்போல ஆக்கினார்கள். எதிராளிதான் முதலில் இறங்கிவந்தான் என்று இரண்டு பக்கமும் நம்பியது. பிறகும் பல ஆண்டுகள் இப்படியே ஓட்டினார்கள். போன கடிதம், வந்த கடிதம் எல்லாவற்றிலும் ஒரே மரியாதை மழை.

கடைசியில் சோ பிரபுவுக்கும் அவருடைய தலைமை ஊழியருக்கும் தகராறு வந்தது. ஊழியர் எல்லாவற்றையும் ஜப்பானை ஆண்ட ஷோகனிடம் போட்டு உடைத்தார். அதன் பிறகு, கடிதப் போக்குவரத்தைக் கண்காணிக்கக் கியோட்டோவிலிருந்து துறவிகளை முறைவைத்து அந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். இரு பக்கத்து எழுத்தும் துறவியின் கண்ணில் படாமல் கடல் தாண்டக் கூடாது. அந்தப் போலி முத்திரைகள் இன்றைக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மறுநாள் அபிரு-சான் கைப்பேசியை மேசையில் வைத்ததும், "கியோட்டோவிலிருந்து வந்திருக்கிறாரா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கணம் என்னைக் கவனித்துப் பார்த்தார்.

"சோ குடும்பத்துக்கு முன்னால் அந்தத் தீவை ஆண்டது அபிரு என்ற குடும்பம். அவர்களை விரட்டிவிட்டுத்தான் சோ வந்தார்கள். அதனால் சோவுக்காகப் பரிந்து பேசும் கடமை எனக்கில்லை" என்றார். "தீவில் அடுத்த வீட்டுக்காரனுக்கும் அபிரு என்றுதான் பெயர்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரமே எனக்கு ஒரு சோதனை வைத்தார். காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரும் வரிசையில் நின்றபோது, முகமெல்லாம் புன்னகையோடு, அன்பான குரலில், "இந்தக் கூடத்தைவிட எங்கள் ஊர் மீன் சந்தை சுத்தமாக இருக்கும் என்று சொல்" என்றார்.

அந்தப் புன்னகையைப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளலாமே' என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். நான் மீன் சந்தையைச் சொன்னேன். வரிசையில் முகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. முன்னால் நின்றவர் முருகேசன் அண்ணன். அறந்தாங்கிப் பக்கம், அந்த ஆட்களுக்கெல்லாம் ஃபோர்மேன்.

"இது அவரு சொன்னதா, நீ சொல்றதா?" என்றார்.

"அவர் சொன்னது அண்ணே."

"சிரிச்ச மூஞ்சியோடல்ல சொன்னாரு?"

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்."

"தங்கச்சி, நீ எந்தப் பக்கம்?"

பின்னால் யாரோ, "சம்பளம் எங்கேருந்து வருதோ அந்தப் பக்கம்" என்றான். சிரிப்பு எழுந்தது. அபிரு-சான் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "போய்ச் சேர்ந்துவிட்டது" என்றார். அவ்வளவுதான். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதல் ஆட்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

கோடைக்குப் பிறகு ஒரு பெரிய பம்பை அவசரமாக ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டியிருந்தது. ஓட்டிப் பார்ப்பது கூடத்தின் பின்பக்கம் இருக்கும் ஆழமான குழியில். டெஸ்ட் பிட் என்போம். கடல்நீரை நிரப்பிப் பம்பை ஓட்டுவார்கள். வேலை இல்லாததால் கோடை முழுக்க அது இரும்பு மூடி போட்டுக் கிடந்தது. அடியில் பழைய தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. அடியிலுள்ள சல்லடையை மாற்ற ஆட்கள் உள்ளே இறங்க வேண்டும். மூடிக்கிடந்த இடத்தில் அழுகிய கடல்நீர் இருந்தால் விஷவாயு சேரும். அதனால் முதலில் மூடியைத் திறந்து, கயிற்றில் கேஸ் மீட்டரைக் கட்டி இறக்கிப் பார்த்து, சரி என்றால்தான் ஆளை இறக்க வேண்டும். அது பாலாஜி சார் கம்பெனியின் பாதுகாப்பு ஆளுடைய வேலை.

"கேஸ் டெஸ்ட் டன் சார், ஆல் கிளியர்" என்று பாலாஜி சார் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அபிரு-சானுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். ஆனால் கூடத்துக்குள் உட்கார்ந்திருந்த முருகேசன் அண்ணனும் அவருடைய ஆட்களும் எழுந்திருக்கவில்லை.

"ஏன் இறங்கவில்லை என்று கேள்" என்றார் அபிரு-சான்.

கேட்டேன். முருகேசன் அண்ணன் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு வந்து நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எவனும் வரல. காலையிலேருந்து நாங்க அங்கனதான் உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கோம். மீட்டர் வச்சுப் பாத்தோம்னு சொல்றது பச்சப் பொய். அந்த மொட்டையனுக்கு அம்புட்டு நம்பிக்கைன்னா மொதல்ல அவன் எறங்கட்டும். திரும்பி ஏறி வந்தான்னா நாங்க எறங்குறோம். வரலேன்னா அவன் பொண்டாட்டிக்கு யாரு போன் போடுறதுன்னு இப்பவே பேசி வச்சிக்கங்க."

நான் வாயைத் திறக்கும் முன் பாலாஜி சார் குறுக்கே வந்தார். சிரித்த முகம்தான், ஆனால் பேச்சு என்னிடம் தமிழில். "ஏம்மா, இதையெல்லாம் அப்படியே சொல்லிடாதே. டீ பிரேக் முடிஞ்சதும் இறங்குறோம்னு சொல்றாங்கன்னு சொல்லு, போதும். அந்த ஆள் இதைக் கேட்டான்னா முருகேசனுக்கு இன்னைக்கே எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிடுவான். இவனுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. பாவம் இல்லையா? உனக்கும் விசா புதுப்பிக்கிற நேரம்."

இரக்கத்தையும் மிரட்டலையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசும் கலை அவருக்கு நன்றாக வரும். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. மேலதிகாரியை மொட்டையன் என்று சொன்ன ஃபோர்மேனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? பட்டப்பெயர் சொல்லி, மனைவியை இழுத்து, முகத்துக்கு நேரே.

அப்போது எனக்கு மூன்றாவது வழி ஒன்று தெரிந்தது. உங்களுக்கும் அதுதான் முதலில் தோன்றும். எச்சரிக்கையை மட்டும் சொல்லலாம், வசவை விட்டுவிடலாம். 'சோதனை நடக்கவில்லை என்று சந்தேகப்படுகிறார்கள்' என்றால் உண்மையும் போய்ச் சேரும், முருகேசன் அண்ணனும் பிழைத்துக்கொள்வார். அழகான வழி. ட்சுஷிமாக்காரர்கள் எடுத்த வழியும் அதுதான்.

நான் யோசித்தது இது: வசவைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குறை. அபிரு-சான் நாள் முழுக்கக் குறைகளைக் கேட்கிறவர். மடிப்புக் கலையாத சட்டையோடு பாலாஜி சார், "அவங்க எப்பவும் இப்படித்தான் சார், டெஸ்டட், டெஸ்டட்" என்று சொன்னால், குறை அந்த இடத்திலேயே செத்துப்போகும். ஆட்கள் குழிக்குள் இறங்குவார்கள். வேலை போவதைப் பொருட்படுத்தாமல் ஒரு ஃபோர்மேன் இவ்வளவு கேவலமாகப் பேசுகிறார் என்றால், அந்தக் கேவலம்தான் அவர் சொல்லும் செய்தியின் எடை. அதை எடுத்துவிட்டால் செய்தி காற்றில் பறந்துவிடும்.

இது சரிதான் என்று எனக்கு அப்போது உறுதியாகத் தெரியாது. ஒருவேளை ஒரு மனிதனின் பிழைப்பை நான் சும்மா கெடுக்கிறேனோ என்னவோ. அப்பாவின் ஒற்றைக் கண் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. முழுசா சொன்னியா?

முழுசாகச் சொன்னேன். ஜப்பானிய மொழியில் வழுக்கையைக் குறித்து ஒரு மட்டமான சொல் இருக்கிறது. மேலதிகாரியின் காதுபட யாரும் சொல்லாதது. அதையே சொன்னேன். மனைவிக்கு யார் போன் செய்வது என்பதையும் சொன்னேன். துறவி மேசையில் இல்லை. அபிரு-சானின் சட்டைப் பையில் விழித்திருந்தார்.

அபிரு-சானின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் மெதுவாக மேலே போய் உச்சந்தலையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"என் மனைவி என்று சொன்னானா?"

"சொன்னார்."

"நீ சேர்க்கவில்லையே?"

"இல்லை."

அவர் பாலாஜி சாரைப் பார்த்தார். பாலாஜி சார் இன்னும் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பிறகு முருகேசன் அண்ணனைப் பார்த்தார்.

"எங்கே உட்கார்ந்து டீ குடித்தார்களாம்?"

கேட்டேன். முருகேசன் அண்ணன் முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். டெஸ்ட் பிட்டின் இரும்பு மூடி மேல் ஒரு அட்டையை விரித்து, அதன்மேல் காகித டீ கப்புகள், பாக்குப் பொட்டலம், பாதி தின்ற பரோட்டா. மூடி மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து காலையிலிருந்து கதை பேசியிருக்கிறார்கள். விஷக் குழி என்று பயந்தவர்கள் அதன் தலையிலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்களா என்று கேட்காதீர்கள். அங்கேதான் நிழல் இருந்தது. அட்டையைத் தூக்கினால், மூடியின் விளிம்பைச் சுற்றிலும் கோடை முழுக்கப் படிந்த மணல் கலையாமல் கிடந்தது.

"நீங்கள் திறந்தீர்களா?" என்று பாலாஜி சாரிடம் ஆங்கிலத்தில் கேட்டார் அபிரு-சான்.

"பக்கவாட்டிலிருந்து, சார்…" என்றார் பாலாஜி சார்.

அந்தக் குழிக்குப் பக்கவாட்டு என்று ஒன்று கிடையாது.

மூடியைத் திறந்து எல்லோரையும் காற்று வரும் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு, ஜப்பான் தரப்பின் மீட்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கயிற்றில் இறக்கினார்கள். அது பாதி ஆழம்கூடப் போகவில்லை, அலற ஆரம்பித்துவிட்டது. அந்த ஓசைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இறங்கத் தயாராக இடுப்பில் பெல்ட் மாட்டியிருந்த ஒருவன் அதை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தான்.

பிறகு விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. பாலாஜி சார் வேண்டுமென்று புளுகவில்லை. பாதுகாப்பு ஆளுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். அவன் வேறொரு சைட்டில் மாட்டிக்கொண்டிருந்தான். "கலாஸ் சார், முடிஞ்ச மாதிரிதான்" என்றிருக்கிறான். அந்த 'மாதிரி'யைப் பாலாஜி சார் விட்டுவிட்டார். கேட்பவருக்குக் கசக்காமலிருக்க ஆளுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை. இரண்டு கை மாறுவதற்குள் அழுகிய குழி 'ஆல் கிளியர்' ஆகிவிட்டது. இது பாலாஜி சார் சொன்ன கணக்கு. அதையும் நான் முழுக்க நம்பவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

உயிர் தப்பிய மகிழ்ச்சியில் முருகேசன் அண்ணன் எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்கிறீர்களா? அபிரு-சான் போனதும் என்னிடம் வந்தார்.

"என்ன சொன்னே அவர்கிட்ட? அவரு ஏன் தலையத் தடவுனாரு?"

"நீங்க சொன்னதைச் சொன்னேன் அண்ணே."

"மொட்டையன்னு சொன்னதையுமா?"

"ஆமா."

"பொண்டாட்டிய?"

"ஆமா."

அண்ணன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி. கோவத்துல நாலு வார்த்த பேசுறதுதான். அத வடிகட்டிச் சொல்லத்தான உன்னய வச்சிருக்கு? டேப்பு ரெக்கார்டர் மாதிரி ஒப்பிச்சிட்டு வந்து நிக்கிறியே."

அன்று மாலையே எனக்கு 'டேப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் நடந்து வந்தால், "டேப்பு வருது, வாய மூடு" என்பார்கள். மறுநாள் காலை முருகேசனைத் தன் அறைக்கு அழைத்துவரச் சொல்லி அபிரு-சானிடமிருந்து உத்தரவு வந்தது. எக்ஸிட்தான் என்று தொழிலாளர் முகாமில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். அண்ணன் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அறையில் மூன்று பேர்தான். மேசையில் துறவி. அபிரு-சான் முருகேசன் அண்ணனை உட்காரச் சொன்னார், அண்ணன் நின்றார். அபிரு-சான் பேசினார், நான் சொல்லிக்கொண்டே வந்தேன். தன் தீவைப் பற்றி, இரண்டு நாட்டையும் ஏமாற்றிய கடிதங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, முடிவுக்கு வந்தார்.

"உண்மை வெளியே வந்ததும் ஷோகன் தீர்ப்புச் சொன்னார். பொய்யெழுதிய பிரபுவை விட்டுவிட்டார். கொரியாவோடு பேச அந்தக் குடும்பம் வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்ன ஊழியரை வடகோடிக்கு நாடு கடத்தினார். அந்த ஊழியனும் யோக்கியன் இல்லை. பொய்க் கடிதத்தில் அவன் கையும் இருந்தது. சொன்னதும் தன் லாபத்துக்காகத்தான். இருந்தாலும் போட்டு உடைத்தவன் அவன். சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், ஆளை மாற்றி அனுப்பிவிட்டார்களே என்று நினைப்பேன்."

முருகேசன் அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "இப்ப என்னய எந்தக் கோடிக்கு அனுப்பப் போறாராம்?" என்றார்.

அதையும் சொன்னேன்.

"எங்கேயும் இல்லை என்று சொல். இனி அந்த மூடியைத் திறந்து மீட்டர் இறக்கும்போது இவன் பக்கத்தில் நிற்க வேண்டும். இவன் சரி என்றால்தான் ஆள் இறங்கும். இன்னொன்றும் சொல். என் மனைவிக்குப் போன் செய்வதைப் பற்றி இவன் கவலைப்பட வேண்டாம். நான் கூப்பிட்டாலே அவள் எடுப்பதில்லை."

நான் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது அவரு சொன்னதா? இல்ல, எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நீயா சேத்தியா?"

"அவர்தான் சொன்னார் அண்ணே. சத்தியமா."

"நேத்து அவ்வளவு பேசிருக்கேன். இன்னைக்குப் பகடி பேசுறாரா? சும்மா ஊத்தாத தங்கச்சி."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வசவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உடனே நம்புவார்கள், உங்களைத் திட்டுவார்கள். நல்ல வார்த்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் சந்தேகம் வரும். இனிப்பைக் கலப்பவர்கள் என்று நம் தொழிலுக்குப் பெயர் ஆகிவிட்டது. உண்மையாகவே இனிப்பாக ஒருவர் சொன்னதை நாம் எடுத்துப்போனாலும், அது நம் சர்க்கரை என்றுதான் எண்ணுவார்கள். நீங்கள் வேலையை விடும் வரைக்கும் இது மாறாது.

ட்சுஷிமாக்காரர்களை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அந்தப் பொய்களைச் செய்திருக்காவிட்டால் கதவு திறந்திருக்குமா, யாருக்குத் தெரியும்? அதன் பிறகு அந்த இரண்டு நாடுகளும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டையில்லாமல் இருந்தன. பின்னாளில் அதே தீவில் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே ஒரு பள்ளியும் வைத்தார்கள் என்று படித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அரசர்களின் மானத்துக்கு நடுவே சர்க்கரை சில சமயம் உதவலாம். குழிக்குள் இறங்குகிறவனுக்கும் அவனை இறக்குகிறவனுக்கும் நடுவே அதற்கு இடமில்லை. எந்த இடம் எது என்று உங்கள் கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்புச் செயலி உங்களுக்குச் சொல்லாது. அது சொற்களை மாற்றித் தரும். முகங்களை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் விசா புதுப்பிப்பு இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் பாலாஜி சார், "மாஃபி முஷ்கிலா, ஒரு பிரச்சினையும் இல்லம்மா" என்பார், அதே புன்னகையோடு. கடைசியில் வந்துவிட்டது. உண்மையிலேயே அலுவலகத் தாமதமா, எனக்கு வைத்த பாடமா என்று இன்றுவரை தெரியாது. அவர் என்னிடம் அதன் பிறகு தமிழில் பேசியதே இல்லை. ஆங்கிலம் மட்டும்.

முருகேசன் அண்ணன் தொடர்ந்து வேலை பார்த்தார். மூடி திறக்கும் ஒவ்வொரு முறையும் மீட்டரின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருமுறை மீட்டர் அமைதியாக இருந்தும், "இன்னொரு தரம் எறக்கச் சொல்லு" என்றார். அபிரு-சான் உடனே இறக்கச் சொன்னார். அவர்கள் இருவரும் அப்படிப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால், ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடியும் என்று தோன்றும். என்னிடம் மட்டும் அண்ணன் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவர் லீவில் ஊருக்குப் புறப்பட்டார். பெரிய மகளுக்குக் கல்யாணம். பயணச் சட்டையோடு கூடத்துக்கு வந்து நேரே என்னிடம் வந்தார்.

"ஏ டேப்பு, வா. அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அபிரு-சான் வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில் கைப்பேசியை வெளியே எடுத்து ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

முருகேசன் அண்ணன் தொண்டையைச் செருமினார். "இந்த மொட்டையன் நல்ல மனுசன்னு சொல்லு. மொட்டையனையும் சேத்துச் சொல்லு. ஒண்ணையும் முழுங்கிப்புடாத."

சொன்னேன். அதே மட்டமான சொல்லைப் போட்டே சொன்னேன்.

அபிரு-சான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முருகேசன் அண்ணனின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மொட்டையன் என்பது அவன் சொன்னதுதானா?"

"அவர் சொன்னதுதான்."

"அப்படியானால் மீதியும் உண்மையாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, துறவியை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.